பதினேழு ஒன்றுகள்

செப்டம்பர் வந்தால் எங்கள் மாக்கோ ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் வெங்காயம் காயும். பழகிவிட்டால் கண்ணில் நீர் வராது. எனக்கு வருவதில்லை.

நீங்கள் என் கணவர் கெடியோனின் மாணவர். இன்று புடாபெஸ்ட்டில் பேராசிரியர். அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேசுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை 2071723 மீதியில்லாமல் வகுக்கிறது. அந்த எண்ணை உடைக்கத் தேடி அந்த இடத்தை எப்போதோ தாண்டிப்போனவர் அதை எப்படித் தவறவிட்டார் என்று.

அவர் தவறவிடவில்லை. அந்த வகுத்தல் என் பங்கில் வந்தது.

முப்பத்து நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் எண்களால் மட்டுமே அந்தப் பதினேழு ஒன்றுகளை வகுக்க முடியும். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று அவருக்கு, அடுத்தது எனக்கு. சாப்பாட்டு மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து. அந்த நேரத்தில்தான் அவர் என்னிடம் பேசுவார்.

விருந்தாளிகள் பிளம் கொழுக்கட்டை தின்றுவிட்டு, யார் தட்டில் அதிகக் கொட்டை என்று எண்ணும்போது அவர் சொல்வார்: "என் பொண்டாட்டி நல்ல மெஷினுங்க. எண்ணைப் போட்டா மீதி வரும். நடுவுல காப்பியும் வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். கல்லூரியில் கணிதம் படிக்கக் கிடைத்த இடத்தை அவருக்காக விட்டவள் நான். அதை அந்த மேஜையில் யாரும் கேட்டதில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் டாக்டர் ஹலாஸ் வந்தார். "வாத்தியாரே, நுரையீரல் சரியில்ல. குளிருக்கு முன்னாடி மாத்ரா மலைக்குப் போயிடுங்க. இங்க இருந்தா தாங்காது."

"இந்தச் சனியன் பிடிச்ச எண்ணு உடையட்டும் டாக்டர். மறுநாளே கிளம்பறேன்."

"என் துணியையும் எடுத்து வைக்கவா?" என்றேன்.

"நீ எதுக்கு? கணக்கு முடிஞ்சப்புறம் உனக்கு அங்க என்ன வேலை?"

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல் சொன்னார்.

அடுத்த வாரம் எனக்குப் பூஜ்ஜியம் வந்தது. மறுபடி போட்டேன். ஈவு 5363222357. சிறிய எண்களையெல்லாம் முன்பே பார்த்துவிட்டதால் அதை மேலும் உடைக்க முடியாது. ஆகவே இனி ஆயுள் முழுக்க அவர் எந்த எண்ணைப் போட்டாலும் பூஜ்ஜியம் வராது. அதுவும் அப்போதே எனக்கு விளங்கியது.

எதிரே அவர் இருமி முடித்தார். "என்ன மிஞ்சுச்சு?"

"ஒண்ணு."

"சரி, அடுத்தது."

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் சேர்ந்து உட்கார்ந்தோம். அடுப்பு அணைய விட்டதில்லை. அவர் நெஞ்சில் வாத்துக் கொழுப்பைச் சுடவைத்துத் தடவினேன். ஒரு மனைவி செய்ய வேண்டியதில் எதையும் நான் குறைக்கவில்லை.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போட்டதுல தப்பே இருக்காது வில்மா. நான்தான் எங்கயோ விட்டுட்டேன். என் பங்க முதல்லேருந்து போடணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.

மலைக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார். போகவிடாமல் கொன்றது நான். நீங்கள் அதைக் கூட்டத்திலேயே சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனாலும் தினமும் காலையில் அந்த ஒரு வகுத்தலை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளாவது மீதி ஒன்று வந்துவிட்டால், நான் அவரிடம் பொய் சொன்னதாக ஆகாது.