கூலரில் தேங்கிய ஆயில்

டர்போ தானாகச் சாவது அபூர்வம் சார். வண்டிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் திட்டுவார்கள். பொருள் சரியில்லை, டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பார்கள். இந்தத் தொழிலில் தலை நரைத்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஒன்று, ஆயில் போகாமல் செத்திருக்கும். இல்லை, போன ஆயில் திரும்பாமல் செத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் உள்ளே எதையாவது விழுங்கியிருக்கும். ஆகவே டர்போவைக் கழற்றி மாட்டுவது ஒரு வேலையே இல்லை. பழையது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் இருக்கிறது. இப்படி பெஞ்சில் உட்காருங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், பக்கத்து அறையில் என் மகன் இப்போதுதான் கண் அசந்தான். தூக்கம் கலைந்தால் பிறகு வராது அவனுக்கு.

விபத்தில் சிக்கிய என் மகனின் பிக்கப்பை ஸ்டேஷனில் பிரித்துப் பார்த்தீர்கள், இன்டர்கூலருக்குள் அவ்வளவு ஆயில் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. டர்போ அழுத்தி அனுப்புகிற காற்று கொதிக்கும். இன்ஜினுக்குப் போகும் வழியில் அதைக் குளிரவைக்கிற பெட்டி அது, காற்றுக்கு மட்டுமே அங்கே இடம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் என்னைத் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் 'மாப்பிள்ளை' என்று பெயர். எவ்வளவு செய்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பெயர் வைத்தவள் என் மருமகள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. நன்றாகச் சிரிப்பாள், நன்றாகப் பேசுவாள், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு அம்மா இல்லை. அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே போய்விட்டாள். சமைத்துப் போட்டது, தலை துவட்டியது, காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தது எல்லாம் நான்தான். வளர்ந்த பிறகு ஆண்பிள்ளைகள் அப்பாவிடம் என்ன பேசுகிறார்கள்? சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பான். வண்டி எப்படி ஓடுகிறது என்றால் ஓடுது என்பான். சரக்கு ஏற்றப் போவான், வருவான், படுப்பான். குறை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் டர்போ வயதாகிப் போனது. அதில் என் கை இல்லை. வண்டி மேட்டில் இழுக்கவில்லை, விசில் மாதிரி ஒரு சத்தம், பின்னால் நீலப்புகை. இரண்டு பேரும் என் மெக்கானிக் கடையிலேயே கிடந்தோம். சோப்புத் தண்ணீர் அடித்துக் குழாய் குழாயாகக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். அவன் ஸ்பேனரைத் தவறவிட்டு அது இன்ஜினுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ள, இரண்டு பேரும் தரையில் படுத்துக் கையை விட்டுத் துழாவினோம். அப்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவன் மூக்கு நுனியில் கரி. சின்ன வயதில் சோற்றைப் பூசிக்கொள்வானே, அதே இடத்தில். புது டர்போ மாட்டி வண்டி கிளம்பியபோது எனக்குத் துக்கமாக இருந்தது. வேலை முடிந்ததற்கு யாராவது துக்கப்படுவார்களா? நான் பட்டேன்.

அடுத்த வாரமே சாப்பிடும்போது சொன்னான்.

"அப்பா, அவளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில வேலை கிடைச்சிருக்கு. நானும் வண்டிய அங்கயே கொண்டுபோய் ஓட்டலாம்னு பாக்கிறேன்."

"நல்லதுப்பா" என்றேன்.

"நீங்களும் வாங்க மாமா. மாடி வீடு, உங்களுக்குன்னு தனி ரூமே இருக்கு" என்றாள் மருமகள். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். கடையை யார் பார்ப்பது என்றேன். அந்த ஊரில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நான் ஒரு மூலையில் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருப்பேன். இங்கே என்றால் அவன் என் பிள்ளை. அங்கே போனால் நான் அவன் அப்பா. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் வித்தியாசம் புரியும்.

டர்போவுக்கு ஆயில் போகும் குழாயை ஒரு போல்ட் பிடித்திருக்கும். நடுவில் துளையுள்ள போல்ட், அந்தத் துளை வழியாகத்தான் ஆயில் போக வேண்டும். தீக்குச்சி நுழையும் அளவுதான் இருக்கும். கேஸ்கெட் ஒட்டுகிற கறுப்பு பேஸ்ட் இருக்கிறதே, அதில் ஒரு மிளகளவு உள்ளே வைத்துக் காயவிட்டால் ஆயில் நிற்காது. ஆனால் குறையும். டர்போ உடனே சாகாது. தாகத்தோடு கொஞ்ச நாள் சுற்றும். நான் செய்தது அவ்வளவுதான். பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன், வேறொன்றுமில்லை.

சாமான்களைக் கட்ட ஆரம்பித்த சமயத்தில் வண்டி நின்றது. மறுபடி இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டோம். அவனுக்கு மண்டை காய்ந்தது. ஆயில் மாற்றினான், ஃபில்டர் மாற்றினான், இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தான். அந்த போல்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, "அத நான் கழட்டிக் கழுவிட்டேன்ப்பா" என்றேன். அப்பா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. என்ன காரணமாக இருக்கும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டுவான். நான் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியும் இருக்கலாம் என்பேன். காரணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவனோடு தேடியது தப்புதான். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை சார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு இன்னொரு டர்போவும் போனது. அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. மருமகள்தான் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தாள்.

"மூட்டை கட்டுனா மட்டும்தான் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வருது, கவனிச்சீங்களா மாமா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் தடவை மாட்டும்போது அவளும் கடைக்கு வந்துவிட்டாள். லீவு போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழற்றிய சாமான்களை டீசல் தட்டில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மகன் கேஸ்கெட் வாங்கப் போயிருந்தான். ஈரக் கையை என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் கறுப்பாக, மிளகளவு.

"இது என்ன மாமா?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தேன்.

"அந்த ஓட்டை போல்ட்டுக்குள்ள இருந்துச்சு. நீங்க கழுவிட்டேன்னு சொன்ன போல்ட்டு."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அவர்கிட்ட இப்ப சொல்லமாட்டேன் மாமா. தாங்கமாட்டாரு. அங்க போய்ச் சேர்ந்ததும் பொறுமையா சொல்றேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

"சரிம்மா" என்றேன்.

அந்த போல்ட்டை அவளே கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து என் கையில் கொடுத்தாள். அதை அப்படியே மாட்டினேன். புது டர்போவுக்குள் மாட்டும் முன்பே ஆயில் ஊற்றி விரலால் சுற்றிவிட்டேன், முதல் சுற்றில் உலர்ந்து தேயக்கூடாது என்பதற்காக. அவ்வளவு பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். நீங்கள் பிரித்தபோது டர்போ புதுக்கருக்கு மாறாமல் இருந்திருக்குமே.

மிச்சம் இருந்தது நீங்கள் கேட்ட அந்த இன்டர்கூலர். டர்போ செத்தால் அதன் ஆயில் காற்றோடு கலந்து கூலரில் போய்த் தேங்கும். அதைக் கழற்றிக் கவிழ்த்து, டீசல் விட்டுக் குலுக்கி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். கழற்றினேன். தூக்கியதுமே கனம் தெரிந்தது, உள்ளே தளும்பியது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

மகன் வந்து கேட்டான். "கூலர் கழுவியாச்சாப்பா?"

"ஆச்சு."

நான் எதையும் புதிதாக வைக்கவில்லை, கவனித்தீர்களா? இருந்ததை எடுக்கவில்லை, அவ்வளவே. தெருவில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பூனை மாதிரிப் போனது. சமதரையில் அந்த ஆயில் அடியிலேயே கிடக்கும். வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே ஏறினால்தான் காற்று அதை வாரி எடுத்து இன்ஜினுக்குள் கொட்டும். அப்புறம் இன்ஜினுக்கு டீசல் தேவையில்லை. அந்த ஆயிலைக் குடித்தே ஓடும், தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நிறுத்த ஒரு வழி உண்டு. சாவியைத் தொடாமல், பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, டாப் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுவிட வேண்டும். மூச்சடைத்து நின்றுவிடும். எல்லாம் கற்றுக்கொடுத்தேன் அவனுக்கு, இதை மட்டும் கற்றுக்கொடுக்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இன்ஜின் வெடித்துப் போகும், கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னாலும்கூட, இங்கே என் கண் முன்னால்தானே சொல்வாள். சமாளித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நன்றாக இரும்மா என்றேன்.

அவர்கள் மலையேறும் நேரம் எனக்குத் தெரியும். இதோ இந்த பெஞ்சில்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: சத்தம் போட்டால் சாவியைத் தொடாதே, டாப் கியர் போடு என்று. கூப்பிடவில்லை. வண்டி ஓட்டும்போது போனில் பேசினால் கவனம் சிதறும்.

பின்னால் வந்த லாரி டிரைவர் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். உச்சியைத் தாண்டியதும் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம், ரோடே தெரியாமல் வெள்ளைப்புகை. என் மகன் பதறிப்போய்ச் சாவியைத் திருப்பியிருக்கிறான். நிற்கவில்லை என்றதும் பிடுங்கியே எடுத்துவிட்டான். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எதிரே வளைவு. அவனைத் தூக்கியபோதும் சாவி கைக்குள்தான் இருந்ததாம், விரலைப் பிரிக்க முடியவில்லையாம்.

மருமகள் வலியில்லாமல் போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். அந்தமட்டில் ஆறுதல்தான். மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது. சமைத்துப் போடுவது, துடைத்துவிடுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். வேறு யாரையும் அவன் தொடவிடுவதில்லை.

அவள் அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். அதனால் அவன் தினமும் என்னைத்தான் கேட்கிறான்.

"தப்பு எங்கப்பா நடந்துச்சு? கடைசியா அந்தக் குழாயோட கிளிப்ப நான்தானே முடுக்கினேன். நான்தான் சரியா முடுக்கலையா? நான்தான் அவளைக் கொன்னுட்டேனா?"

இல்லை என்று சொன்னால் பிறகு யார் என்று கேட்பான். அதனால், "இருப்பா, யோசிப்போம்" என்பேன். சாயங்காலம் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எந்த போல்ட்டுக்குப் பிறகு எந்தக் குழாய், யார் மாட்டினது, யார் முடுக்கினது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவான். நடுவில் அழுவான், துடைத்துவிடுவேன், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். முன்பெல்லாம் ஒரு வாரத்தில் என்னோடு பேசுவதை இப்போது ஒரு சாயங்காலத்தில் பேசிவிடுகிறான்.

இதுதான் நடந்தது. கூலரைக் கழுவாதது நான், கழுவினேன் என்று பொய் சொன்னது நான், தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். கூட வரச் சொன்னால் வருகிறேன். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டான். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்றைக்கே என்றால்தான் கொஞ்சம் சிரமம். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் பழகிக்கொண்டால் வெளியூரில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறதாம், அங்கேயே தங்கி ஏதாவது தொழில் செய்து தனியாகப் பிழைத்துக்கொள்ளலாமாம். அவனுக்கும் போக ஆசைதான். ஆனால் இடது சக்கரம் இறுகி இறுகி நின்றுவிடுகிறது. இரண்டு தடவை பேரிங் மாற்றிக் கொடுத்துவிட்டேன், மறுபடியும் போய்விட்டது. என்ன காரணமாக இருக்கும் என்று அவனும் நானும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.