‘ம்’னா கியர்

மெக்கானிக்: அண்ணே, இத இனிமே கியர்னு சொல்லாதீங்க. பல்லு போன சீப்புன்னு சொல்லுங்க.

வண்டிக்காரர்: நக்கல அப்புறம் வச்சுக்கோ. புது கியர் பாக்ஸ் போட எத்தன நாளாகும்?

மெக்கானிக்: இருங்கண்ணே, எப்படிச் செத்துச்சுன்னு பாக்காம அடக்கம் பண்ண முடியுமா? ரெண்டாவது கியர்ல ஒரு பல்லுகூட உருப்படியா இல்ல. ஆயில வடிச்சா பல்லு பல்லா விழுகுது. என்னதான் பண்ணீங்க?

வண்டிக்காரர்: ஒண்ணும் பண்ணல. சும்மா போய்க்கிட்டிருந்தேன். திடீர்னு கறமுறன்னு...

மனைவி: ஆமா, சும்மாதான் போய்க்கிட்டிருந்தோம்.

மெக்கானிக்: ஓ, அண்ணியும் கூட இருந்தீங்களா?

மனைவி: இருந்தேன்... பக்கத்து சீட்டுல. வெறுமனே.

வண்டிக்காரர்: வெறுமனேதான் உக்காந்திருந்தா. அவளுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

மெக்கானிக்: சம்பந்தம் இருக்குன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?

வண்டிக்காரர்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

மெக்கானிக்: சரி விடுங்க. இருபத்தஞ்சு வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரு. இன்ஜின்ல நானூறு குதிரை. அத்தனையும் இந்த அஞ்சு கியர் பாக்ஸ் தனியா தாங்கிக்கிட்டிருந்துச்சு. பாவம்.

வண்டிக்காரர்: அதான் ஆறு கியர் பாக்ஸா போடுன்னு சொல்றேன். நல்ல கெட்டியானதா.

மெக்கானிக்: போடலாம். ஆனா பல்பு மாட்டுற மாதிரி மாட்டிட முடியாது. அது பழசவிட நாலு விரல் அளவு கூடுதல் நீளம். வண்டித் தரையில கொஞ்சம் வெட்டணும், பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்ட அதே அளவுக்குக் கொறைக்கணும், அதுக்கேத்த கிளட்ச்சும் வேணும். பத்து நாள் ஆவும். இல்லன்னா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க...

வண்டிக்காரர்: சொல்லு.

மெக்கானிக்: ஆட்டோமேட்டிக்.

வண்டிக்காரர்: என்னது?

மெக்கானிக்: ஆட்டோ...

வண்டிக்காரர்: காது கேட்டுச்சு! ஸ்போர்ட்ஸ் கார்ல ஆட்டோமேட்டிக் போடுறதும் கட்டில்ல சீட் பெல்ட் போட்டுப் படுக்குறதும் ஒண்ணு. வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்.

மெக்கானிக்: உங்க மானத்தப் பாத்தா உங்க தோளு போயிடும்ணே. போன வருஷம் ஏணியிலேருந்து விழுந்து இடது தோள ஒடச்சுக்கிட்டீங்க. கியர் கம்பி இருக்குறது உங்களுக்கு இடது பக்கம். அந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படித்தான் கியர் போடுறீங்க?

வண்டிக்காரர்: போடுறேன்.

மெக்கானிக்: எங்க, கையத் தூக்குங்க பாப்போம்.

வண்டிக்காரர்: ஆ... ஸ்ஸ்... அவ்ளோதான்.

மெக்கானிக்: அவ்ளோதானா? இப்படிக் காட்டினா ஷேர் ஆட்டோகூட நிக்காதே.

மனைவி: அவர விடுங்க தம்பி. வலிக்குதுல்ல?

மெக்கானிக்: விட்டுட்டேன் அண்ணி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கியர் கம்பிய பாருங்க. முழுக்கக் கீறல். அதுவும் அண்ணி, உங்க சீட்டுப் பக்கம் மட்டும். அண்ணே, நீங்க எப்பலேருந்து வளையல் போட ஆரம்பிச்சீங்க?

வண்டிக்காரர்: டேய்...

மெக்கானிக்: அதோட கிளட்ச் தகடு புதுசு கணக்கா இருக்கு. கியரு மட்டும் செதஞ்சு கெடக்கு. கிளட்ச்ச மிதிக்காமலே ரெண்டாவது கியருக்குள்ள கம்பியத் திணிச்சிருக்காங்க. ஒரே ஆளு ஓட்டினா காலும் கையும் ஒரு பேச்சு பேசிக்கும்ணே. இங்க காலு ஒரு வீடு, கை ஒரு வீடு.

மனைவி: போதும்ங்க, சொல்லிடலாம்.

வண்டிக்காரர்: நீ சும்மா இரு.

மனைவி: சும்மா இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதே. தம்பி, கியர் போடுறது நான்தான்.

மெக்கானிக்: நீங்களா?

மனைவி: அவருக்கு ஸ்டியரிங்கு, பெடலு. எனக்குக் கியரு. அவரு கிளட்ச்ச மிதிச்சுட்டு ‘ம்’பாரு. நான் அடுத்த கியரத் தள்ளுவேன்.

மெக்கானிக்: ஐயையோ... எத்தன நாளா?

மனைவி: ஒண்ணேகால் வருஷமா.

மெக்கானிக்: கியரக் கொறைக்கணும்னா?

மனைவி: ரெண்டு தடவ ‘ம் ம்’.

மெக்கானிக்: ரிவர்ஸ்?

வண்டிக்காரர்: ...‘ம்ஹூம்.’

மெக்கானிக்: சாமி! இருங்க, ஒரு நிமிஷம் நான் இந்த டயர் மேல உக்காந்துக்குறேன்.

வண்டிக்காரர்: சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு.

மெக்கானிக்: ஒண்ணேகால் வருஷமா ஒழுங்கா ஓடின கச்சேரி, போன வாரம் எப்படி ஸ்ருதி வெலகிச்சு?

மனைவி: நான் ஏதோ பேசிக்கிட்டு வந்தேன். வண்டி மூணாவதுல போகுது. நல்ல வேகம். இவரு ‘ம்’னாரு. நான் நாலாவதுக்கு இழுத்தேன்.

மெக்கானிக்: நாலாவதுக்கு நேரா பின்னால இழுக்கணும். நீங்க உங்க பக்கமா இழுத்திருக்கீங்க, அது ரெண்டாவதுல போய் மாட்டிக்கிச்சு. ஆனா அண்ணன் ஏன் கிளட்ச்ச மிதிக்கல?... ஆ! அண்ணே! அது கியருக்குச் சொன்ன ‘ம்’மே இல்ல. அண்ணி பேசினதுக்குச் சொன்ன ‘ம்’மு!

வண்டிக்காரர்: இப்ப அதுவா முக்கியம்?

மெக்கானிக்: நானும் வீட்டுல ஒரு நாளைக்கு நூறு ‘ம்’ போடுறேண்ணே. நல்ல வேள, என் பொண்டாட்டி கையில கியரு இல்ல. இதுக்குத்தான் சொல்றேன், ஆட்டோமேட்டிக் போட்டுடுவோம். ‘ம்’மும் வேணாம், பக்கத்துல அண்ணியும் வேணாம். நிம்மதி.

மனைவி: அதையே போட்டுடுங்க தம்பி.

வண்டிக்காரர்: யாரக் கேட்டு? ஆறு கியருதான்.

மனைவி: ஆட்டோமேட்டிக்கே இருக்கட்டும்ங்க. நான் பக்கத்துல இல்லன்னாலும் நீங்க ஓட்டணும்ல.

மெக்கானிக்: நீங்க எங்க அண்ணி போறீங்க?

வண்டிக்காரர்: எங்கயும் போகல. நீ வேலயப் பாரு.

மனைவி: தம்பி, நாங்க மனசுவிட்டுப் பேசி ரெண்டு வருஷம் இருக்கும். சண்டைன்னு ஒண்ணும் கெடையாது. அவரு ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்பு. மோட்டார நிறுத்தினியா, கதவ சாத்தினீங்களா... அவ்ளோதான் பேச்சு. இந்த வண்டியில ஏறினாத்தான் பக்கத்துல உக்காருவோம். அதனால அன்னிக்கு வண்டியில வச்சே கேட்டேன்.

மெக்கானிக்: என்ன கேட்டீங்க?

மனைவி: ‘பேசாம நாம பிரிஞ்சிடலாமாங்க’ன்னு.

மெக்கானிக்: அதுக்கு அண்ணன்?

மனைவி: ‘ம்’னாரு.

மெக்கானிக்: நான்... போய் டீ சொல்லிட்டு வரேன்.

வண்டிக்காரர்: டீயும் வேணாம் ஒண்ணும் வேணாம். நில்லு. அப்ப அது தெரியாம போட்ட கியரா?

மனைவி: இல்ல. எப்பவும் உங்க காலு எறங்குறதப் பாத்துட்டுத்தான் கியரத் தொடுவேன். அன்னிக்கும் பாத்தேன். காலு எறங்கல. பாத்துட்டேதான் இழுத்தேன்.

மெக்கானிக்: தெரிஞ்சேவா அண்ணி?

மனைவி: இழுக்கலன்னா அந்த ‘ம்’ எனக்குச் சொன்ன பதிலாயிடும்ல தம்பி? கியருக்குச் சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்னு தோணிச்சு. பல்லு ஒடஞ்சாலும் பரவால்லன்னு தோணிச்சு.

வண்டிக்காரர்: நீ கேட்டது எனக்கு முழுசாக் கேட்டுச்சு.

மனைவி: தெரியும்.

வண்டிக்காரர்: போகணும்னு நீ முடிவு பண்ணிட்ட, நான் என்னன்னு சொல்றது? வேற வார்த்த வாயில வரல. வந்தது அது ஒண்ணுதான்.

மனைவி: ‘வேணாம்’னு ஒரு வார்த்த இருக்கு.

வண்டிக்காரர்: இப்பச் சொல்றேன். வேணாம்.

மெக்கானிக்: அண்ணே, குறுக்க பேசுறதுக்கு மன்னிச்சுக்குங்க. நான் சாமான் வரவழைக்கணும். ஆறு கியருன்னா சும்மா இல்ல. கம்பி இதவிட இறுக்கமா இருக்கும். இந்தத் தோள வச்சுக்கிட்டு அண்ணி இல்லாம நீங்க வாசலக்கூடத் தாண்ட மாட்டீங்க. அப்புறம் வண்டியும் இல்ல, தோளும் இல்லன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.

மனைவி: தம்பி சொல்றதும் சரிதாங்க. வீம்புக்குப் போடுற விஷயமா இது? மொதல்ல உங்க தோளு சரியாகட்டும். அதுவரைக்கும் ஆட்டோமேட்டிக்...

வண்டிக்காரர்: தோளு சரியாகி எட்டு மாசமாச்சு. தனியா ஓட்டலாம்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. சொன்னா நீ பக்கத்து சீட்டுல வந்து உக்கார மாட்டியேன்னுதான் உங்கிட்ட சொல்லல.