கணக்கில் வராத பனிக்கட்டிகள்

— கதவைக் கொஞ்சம் சாத்து.

— எதுக்குங்க? வெளிய நிருபருங்க கேமராவை மாட்டிட்டு நிக்கிறாங்க. நம்ம ஆராய்ச்சிக்கூட டைரக்டர் சட்டையை மாத்திட்டு வந்தாச்சு. நீங்க இங்க ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?

— ஒளியல. ஒரு விஷயம்...

— புதுக் கிரகம் கண்டுபிடிச்ச மூஞ்சியா இது? பல்லுப் பிடுங்க வந்த மாதிரி இருக்கீங்க!

— கேலி பண்ணாத. நம்ம கணக்கு என்ன சொல்லுது, சொல்லு.

— கடைசிக் கிரகம் இருக்கவேண்டிய இடத்துல இல்ல, கொஞ்சம் விலகி ஓடுது. அப்ப கண்ணுக்குத் தெரியாம பெரிசா ஏதோ ஒண்ணு இழுக்குது. நீங்க எழுதினதை என்கிட்டயே கேக்கறீங்க?

— அதுக்கும் அந்தப்பக்கம் சின்னச் சின்னதா பனிக்கட்டிங்க சுத்துதே... ஆயிரக்கணக்குல...

— ஆமா, அதுங்களுக்கென்ன?

— ஒவ்வொண்ணா எடுத்தா ஒண்ணுமே இல்ல. எல்லாம் சேந்து இழுத்தா...

— உங்க சொந்தக்காரங்க மாதிரி. தனித்தனியா எல்லாரும் தங்கம். ஒண்ணா வந்து இறங்கினா வீடு தாங்காது.

— விளையாடாதடி! சோதனைக்கு ஓட்டினப்ப அதுங்களைக் கணக்குலேர்ந்து எடுத்து வச்சேன். சேத்தா கம்ப்யூட்டர் நாள் கணக்கா திணறுது, அதான். அப்புறம்...

— அப்புறம்?

— திரும்பச் சேக்க மறந்துட்டேன்.

— அப்ப... கிரகம்?

— கிரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வாரம் பனிக்கட்டிங்களைச் சேத்து ஓட்டினேன். எல்லாம் அதது இடத்துல கச்சிதமா வந்து உக்காந்துருச்சு.

— போன வாரமே தெரியுமா! இத்தனை நாள் வாயைத் தைச்சா வச்சிருந்தீங்க?

— கிரகத்துக்கு உன் பேரை வைக்கிறேன்னு சொல்லிட்டேனே. நீ எவ்வளவு சந்தோஷப்பட்ட... எந்த முகத்தோட வந்து சொல்றது? உங்க அம்மா வேற ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க.

— சரி, இப்ப என்ன பண்ணப்போறீங்க?

— நான் போய் டைரக்டர்கிட்ட சொல்லிடறேன். வேலை போனா போகட்டும்.

— நில்லுங்க, நானும் வரேன்.

— நீ எதுக்கு? தப்பு என்னோடது.

— அம்மாகிட்ட நான் சொல்லவே இல்லங்க.

— ஏன்?

— நீங்க பேர் வைக்கிறேன்னு சொன்ன மறுநாளே நானும் பனிக்கட்டியைச் சேத்து ஓட்ட விட்டேன். அது ஓடி முடிஞ்சதுமே கிரகம் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா, கல்யாணமானதுலேர்ந்து நீங்க எனக்குன்னு ஒண்ணு தரேன்னு சொன்னது அது ஒண்ணுதான்... கொஞ்ச நாள் வச்சுக்கலாமேன்னு பாத்தேன்.