நாணல் குருகு, ஒன்று

பறவை எண்ணப் போகிறவர்கள் முதலில் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் சார். பைனாகுலர் கடன் கேட்டாலும் கிடைக்கும்; பூட்ஸ் கிடைக்காது. என் மைத்துனன் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் வந்தான். பல் டாக்டர். சேற்றையும் ஒரு வாய் என்றே நினைத்திருப்பான். திற என்றால் திறக்கும், மூடு என்றால் மூடும் என்று.

எங்கள் சங்கம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பில் பறவைகளை எண்ணும். நான் தலைவன். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்வேன். வேறு ஆள் நிற்கவில்லை என்று மைத்துனன் சொல்வான். பறவை இருப்பது தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும், உடனே எல்லோரும் அசையாமல் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். இது விதி. கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டால், இருவர் கேட்டால்தான் கணக்கில் சேரும். தலைவருக்கு இரண்டு காது இருப்பதால் எனக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கில்தான் நாணல் குருகு வருடாவருடம் வந்துபோனது. நாணலுக்குள் ஒளிந்துகொண்டு கன்றுக்குட்டி போலக் கத்தும் அரிய பறவை. அதை வைத்துத்தான் சதுப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். கரையில் என் பெயரில் ஒரு கோபுரம் கட்டினார்கள். இந்த வருடம் எண்ணப் போன அன்று மாலைதான் திறப்பு விழா. கல்வெட்டில் என் பெயருக்கு முன்னால் 'பறவை அறிஞர்' என்று இருந்தது. நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே.

காலையில் மைத்துனன் என்னை ஓரமாக அழைத்தான்.

"மாமா, அந்தக் குருகு இங்க இல்லவே இல்ல. ரெக்கார்டர் வெச்சுப் பாத்துட்டேன். வெறும் தவளை."

"மெதுவாப் பேசு மாப்ளே."

"சாயந்திரம் மேடையில நானே சொல்லிடறேன். பல்லு புடுங்கற மாதிரிதான் மாமா, சட்டுனு முடிஞ்சிடும்."

"அது நடு நாணல்லதான் கத்தும். அந்தப் பச்சைத் திட்டு வழியாப் போய்க் கேட்டுட்டு வா. கேக்கலேன்னா தாராளமாச் சொல்லு."

நியாயமான யோசனைதானே சார். அந்தத் திட்டு தரையல்ல, ஆழமான சேற்றின் மேல் மிதக்கும் புல் என்று எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாணலுக்கு மேல் ஒரு கை உயர்ந்தது. விதிப்படி எல்லோரும் அப்படியே நின்றோம். எதிர்க்காற்றில் குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது: "மா... மா..."

எங்கள் சங்கத்து ஓவிய டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், கன்னுக்குட்டியேதான் சார்," என்று கிசுகிசுத்தார்.

எலக்ட்ரீஷியன் மட்டும் நெளிந்தான். "டாக்டர் கையை ரொம்ப ஆட்டறாரே சார்?"

"முதல் தடவை கேக்கறார் இல்ல, சந்தோஷம்," என்றேன். உதட்டில் விரலை வைத்தேன்.

என் பையில் கயிறு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அசையக் கூடாது என்பது விதி. கை இறங்கும் வரை நின்றோம்.

என் மனைவியிடம் சொல்லுங்கள், அவள் தம்பி கடைசிவரை என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டான். கோபுரத்திலிருந்து என் பெயரை எடுக்கப் போகிறார்களாம், எடுக்கட்டும். இந்த வருடக் கணக்கில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். நாணல் குருகு, ஒன்று. இந்த முறை எனக்கு விலக்குகூடத் தேவைப்படவில்லை சார், எல்லோரும் கேட்டோம்.