விசில்காரி

– நாலு மீட்டர்மா! நாலு மீட்டர் முன்னாடியே நின்னுச்சு காலையில போட்ட டயர் செட்டு. ஈரத் தரையில நூறுல வந்து பிரேக்கை மிதிச்சேன், ஆணி அடிச்ச மாதிரி நின்னுது. இந்த ரெண்டாவது செட்டு அப்படி இல்ல, கொஞ்சம் வழுக்கிட்டுதான் நிக்குது.

– மீட்டர் கணக்கு எனக்கு இங்க ஸ்கிரீன்லயே வருது அண்ணே. நீங்க மார்க்கை மட்டும் சொல்லுங்க.

– என்னம்மா இன்னிக்கு வாயைத் திறந்தாலே சுள்ளுனு விழற? பத்து வருஷமா நான் டயரை ஓட்டிப் பாக்கறேன், நீ கண்ணாடி ரூமுல உக்காந்து அளக்கற. ஒரு நாள் இப்படிப் பேசினதில்லையே.

– ஒண்ணுமில்ல. மார்க்கு.

– சரி சாமி, எழுதிக்கோ. பிரேக்குக்கு காலைச் செட்டு ஒன்பது, இது ஏழு. வளைவுல அது ஒன்பது, இது ஏழரை. அப்புறம்... உன் வீட்டு மாடியில எல்லாரும் சௌக்கியமா?

– மாடியில ஒருத்திதான் குடியிருக்கா. அவ உங்க பொண்ணு. சௌக்கியமான்னு அவளையே கேளுங்க.

– நான் ஏன் கேக்கணும்? அவ அம்மா செத்து ரெண்டு மாசம்கூட ஆகறதுக்குள்ள, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம அம்மாவோட துணிமணியெல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ குடுத்துட்டா. அலமாரியைத் திறந்தா காத்துதான் இருக்கு. இனிமே போன்ல பேசாத, பேசணும்னா வீட்டு வாசலுக்கு வான்னு சொல்லிட்டேன்.

– வந்தா?

– வந்தா என்ன, ஓடிப்போய்த் திறப்பேன். ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேருக்கு சேத்து சமைச்சு வெச்சிட்டு டி.வி.யைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். யாரு வரா? மறுநாள் நானே சுட வெச்சுத் திங்கறேன். இன்னிக்கு என் டப்பாவுல இருக்கறதும் நேத்து செஞ்சதுதான்.

– சரி, டயர் சத்தத்துக்கு என்ன மார்க்கு?

– ரெண்டுக்கும் பத்துக்குப் பத்து. கப்சிப். அதான் கேக்கறேன், என் தலையில மொளகா அரைக்கறீங்களா?

– என்ன சொல்றீங்க?

– புது டயர், பழைய டயர், ரெண்டையும் பேரை மறைச்சு மாட்டுவோம், எது எதுன்னு தெரியாம மார்க் போடுங்கன்னுதானே சொன்னீங்க? இது ரெண்டுமே புதுசு. காலையில ஓட்டினது ஒரு ரப்பர் கலவை, இது இன்னொண்ணு. பழசை நீங்க மாட்டவே இல்ல.

– அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?

– எம்மா, பழசு நான் மூணு வருஷம் ஓட்டி ஓட்டித் தேத்தின டயரு. எண்பதைத் தாண்டினா மெல்லிசா கீச்சுனு ஒரு விசில் அடிக்கும். என்னென்னவோ பண்ணோம், அது மட்டும் போகல. எங்க வண்டிக்கும் அதைத்தான் போட்டிருந்தேன். உன் அண்ணி பக்கத்துல உக்காந்துட்டு, ‘ஆரம்பிச்சுட்டா உங்க விசில்காரி’ன்னு சிரிப்பா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சத்தத்தைச் சொல்லிடுவேன்.

– அண்ணே, இப்ப என்ன வேகம்?

– நூறு.

– விசில் கேக்குதா?

– இல்லையே. அதானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்.

– உங்க தலைகிட்ட இருக்கற மைக்கு வழியா எனக்கு காது கிழியற மாதிரி கேக்குது. இப்ப உங்க கீழ ஓடறது பழசுதான்.

– விளையாடாத.

– மாட்டறப்போ நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வண்டியை ஓரங்கட்டுங்க.

– இந்தா, ஓரங்கட்டறேன்.

– நின்னுட்டீங்களா? இஞ்சினை அணைக்காதீங்க. சீட் பெல்ட்டைக் கழட்டுங்க. என்ன கேக்குது?

– ஒண்ணும் கேக்கல. பெல்ட்டைக் கழட்டினா அடிக்கற மணி கெட்டுப்போய் நாலஞ்சு மாசம் ஆச்சு. எழுதிக்கூடக் குடுத்தேன், ஒருத்தனும் சரி பண்ணல.

– கெடல அண்ணே. இப்ப அடிச்சிட்டுதான் இருக்கு.

– நீ பேசறது எனக்கு நல்லா கேக்குதே!

– ஹெட்செட் சத்தத்தை உச்சத்துல வெச்சிருக்கீங்க, இங்க தெரியுது. வீட்டுல டி.வி.யும் இப்படித்தானா?

– சத்தத்தைக் குறைங்கன்னு பக்கத்து வீட்டுக்காரன் சீட்டு எழுதிக் கதவிடுக்குல சொருகிட்டுப் போயிருந்தான். கிறுக்குப்பயன்னு கிழிச்சுப் போட்டேன். ஏம்மா... இதை எழுதிடுவியா?

– எழுதித்தானே ஆகணும்? காதை நம்பித்தானே மார்க்கு.

– எழுதாதம்மா. கை நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு. அந்த நாலு மீட்டரை கரெக்டா சொன்னேனா இல்லையா? இந்த வேலையும் போச்சுன்னா நாள் பூரா என்கூடப் பேச நாதி கிடையாது. நீ ஒருத்திதான் பேசற, அதுவும் மார்க்கு கேக்க.

– அண்ணே, இருங்க. உங்க வீட்டுக் காலிங் பெல்லு எப்படி அடிக்கும்?

– அதுவா? குருவி கத்தற மாதிரி கீச்கீச்சுனு. உன் அண்ணி ஆசைப்பட்டு வாங்கி மாட்டினது. அதை இப்ப யாரு அடிக்கறா? மாசக்கணக்கா அது வாயே திறக்கல.

– அட கடவுளே. நான் வேற காலையிலேர்ந்து உங்க மேல கடுகடுன்னு இருந்தேனே.

– நான் என்னம்மா பண்ணேன்?

– மூணு ஞாயித்துக்கிழமையா உங்க பொண்ணு வந்து அந்தக் குருவி பெல்லைத்தான் அடிச்சிருக்கா அண்ணே. உள்ள லைட் எரியுது, டி.வி. ஓடுது, அப்பா வேணும்னே திறக்கலன்னு நேத்து என் தோள்ல சாஞ்சு அழுதா.