உப்பில்லாக் கஞ்சி

நொய்க்கஞ்சி லேசில் ஆறாது, இன்ஸ்பெக்டர் ஐயா. திருவொற்றியூரில் பஸ் ஏறும்போது தூக்குவாளியில் ஊற்றினால், ஆஸ்பத்திரியில் இறங்கும்போதும் சூடாகவே இருக்கும். நீங்கள் கேட்டது கஞ்சியைப் பற்றி என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபத்தொன்பது வயதில் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, என் முதுகில் முதுகைச் சாய்த்து அவர் தூங்குவார். நான் அசைந்தால் விழித்துக்கொள்வார். அசைய மாட்டேன். விடிந்ததும் இறால் உரிக்கப் போய்விடுவேன். நாலு வருஷம் இப்படி.

போன மாதம் அவருக்குச் சிறுநீர் நின்றது, கண் மஞ்சளானது. தீவிர சிகிச்சை வார்டில் சேர்த்தார்கள். இதயத்தோடு சிறுநீரகமும் ஈரலும் கெட்டுக்கொண்டிருக்கின்றன என்றார் டாக்டர். மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி. குடிக்கிற தண்ணீரையும் கழிகிற சிறுநீரையும் நர்ஸ் ஜீனத் அளந்து எழுதுவார். தினமும் எடை பார்ப்பார். மாலையில் ஒரு கிண்ணம் உப்பில்லாத கஞ்சி வீட்டிலிருந்து கொண்டுவரலாம்; உப்பு சேர்ந்தால் உடம்பில் மறுபடி நீர் கோத்துவிடும், இந்த முறை தாங்க மாட்டார் என்று இரண்டு தடவை சொன்னார்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அந்த வாரம் வீட்டில் பாய் விரித்து, கால் நீட்டி, மல்லாந்து படுத்தேன். விடிந்ததே தெரியவில்லை.

வியாழக்கிழமை சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. கால் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

"திங்கக்கிழமை ஜெனரல் வார்டு, அப்புறம் வீடு. பழையபடி நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார். சரி என்றேன்.

அன்று மாலை கஞ்சியில் உப்புப் போட்டேன். பாவம் பார்த்துத்தான். "வாயே செத்துப் போச்சு வியாகுலம், மண்ணு துன்ற மாரி கீது" என்று முந்தின நாள் என் பேரைச் சொல்லி அழுதிருந்தார். ஒரு வாய் குடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்.

சனிக்கிழமை எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. கால் மறுபடி வீங்கிப் பளபளத்தது.

"கஞ்சில உப்பு போடறீங்களாம்மா?" என்று ஜீனத் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "ஒரு கல்லு கூட கெடையாது சிஸ்டர். அவளுக்குத் தெரியாதா இன்னா?"

அவருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரும் களைத்துப் போயிருந்தார், ஐயா. இரண்டு பேருக்கும் ஓய்வு தேவைப்பட்டது. அன்றைக்கும் முழுக் கிண்ணமும் குடித்தார். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை நான் போனபோது அவருக்கு மார்பு கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. உதடு நீலம். டாக்டரைக் கூப்பிட ஜீனத் ஓடினார். நான் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினேன்.

"வேணாம் வியாகுலம்," என்றார். "நான் வூட்டுக்கு வர்ணும்."

அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டார். கரண்டியைப் பல்லிடுக்கில் செருகி வாயைத் திறந்தேன்.