ஊர்க் கிணறுகளின் கதையை ஊருக்கே சொன்னவருக்கு

நிலத்தின் அடியில் நீர் ஓடும் நெறியறிந்தவரே! அதை நிலத்தின் மேல் நடப்போர்க்கெல்லாம் நிதானமாய்ச் சொன்னவரே! எங்கள் நீரியல் துறையின் நெடுநாள் தலைவியே, வணக்கம்!

ஆய்வில் கண்டதை ஆய்விதழில் அச்சேற்றிவிட்டு நீங்கள் அமைதியாக இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கைத் திறந்துவைத்து, தையற்காரரையும் தபால்காரரையும் பால் விற்பவரையும் முன்வரிசையில் அமர்த்தி, எங்களைப் பின்வாசல் வழியே நழுவவிடாமல் மேடையேற்றினீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனையும் வைத்தீர்கள். மேடையேறும் எவரும் முதலில் உங்கள் வீட்டுக் கூடத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உங்கள் கணவரிடம் பேசிக்காட்ட வேண்டும். புரியும்வரை கண்ணாடி அவர் மூக்கில் இருக்கும். புரியாவிட்டால் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை நெடுநேரம் துடைத்துவிட்டு, "கண்ணாடி பளபளன்னு ஆயிடுச்சு. இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி" என்றார். முனைவர் பட்டத் தேர்வில்கூட நாங்கள் அப்படி வியர்த்ததில்லை.

அந்தச் சோதனைக்கு ஒரே ஒருவர் தப்பினார், எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவர். சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஆய்வை விளக்க வந்தவர், சோதனைக்கு நீர் எடுத்த வீடுகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியிட்டுக் காட்டினார். திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமில்லை. அரங்கமோ சிவப்பென்றால் ஆபத்து என்று எடுத்துக்கொண்டது. நாற்காலிகள் நகர்ந்தன, குரல்கள் உயர்ந்தன. கைக்குழந்தையோடு எழுந்த ஒரு தாய், "எங்க வீட்டு மேலயே சிவப்பா இருக்கே. பிள்ளைக்கு இந்தத் தண்ணியிலதாங்க பால் கரைக்கிறேன்" என்று உடைந்துபோனார்.

நீங்கள் ஒலிபெருக்கியைத் தேடவில்லை. நேரே அவரருகில் சென்று, "சிவப்பு எங்க தப்பும்மா. உங்க கிணத்துத் தண்ணிய நானே சோதிச்சேன், நல்ல தண்ணி. பையில அந்தத் தண்ணி இருக்கா? கொடுங்க" என்று வாங்கி, அரங்கம் பார்க்க மடமடவென்று குடித்தீர்கள். அந்தத் தாய் விட்ட பெருமூச்சு கடைசி வரிசைவரை கேட்டது. விரிவுரையாளருக்கும் அன்று முதல் 'சிவப்புப்புள்ளி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

உங்கள் ஓய்வுச் செய்தி வந்ததும் எங்களுக்கு அந்த மாலைதான் கண்முன் நின்றது. இனி அப்படியொரு கலக்கம் எழுந்தால் யார் இறங்கிப் போய்ப் பேசுவது? சனிக்கிழமைகளை நிறுத்திவிடலாம் என்றே பலரும் முணுமுணுத்தோம். "நான் நடத்துறேன்" என்று எழுந்தவர் சிவப்புப்புள்ளி!

சென்ற வாரம் உங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பேசினார். நாங்கள் சுவரோரம் நின்று, உங்கள் கணவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேச்சில் உங்கள் கணவரின் கை கண்ணாடியை நோக்கி உயர்ந்தது. தொலைந்தது என்றே நினைத்தோம். அவரோ கண்ணாடியைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றார்.

அந்தச் சொல்லில் எங்கள் நெஞ்சுப் பாரமெல்லாம் இறங்கியது. வரும் சனிக்கிழமை அரங்கம் திறந்திருக்கும், அம்மையீர்! முன்வரிசையில் உங்கள் இருவருக்கும் இடம் இருக்கும். உடல் நலம் குன்றாமல், உள்ளம் உவகை குறையாமல், நெடுங்காலம் வந்தமர்ந்து எங்களைக் கேள்வி கேளுங்கள். கண்ணாடி மட்டும் மூக்கிலேயே இருக்கட்டும்!

உங்கள் வீட்டுக் கூடத்துச் சோதனைக்கு என்றும் கட்டுப்பட்ட,
நீரியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்